கே.எல்.சி.சி. பேரங்காடியும் பூங்காவும்: வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகள்

கோலாலம்பூரில் வீடு இருந்தால் ஊரிலிருந்து உறவுக்காரர்கள், அவர்களுடைய நண்பர்கள், அந்த நண்பர்களோடு வேலை பார்ப்பவர்கள் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். வந்ததும் விசாரிப்பது இரட்டைக் கோபுரத்தைத்தான். வாட்சப்பில் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

கே.எல்.சி.சி.ன்னா என்ன? கோபுரமா, மாலா, பார்க்கா?

மூன்றும்தான். கே.எல்.சி.சி. என்பது கோலாலம்பூர் நகர மையம் என்கிற, சுமார் 100 ஏக்கர் வட்டாரத்தின் பெயர். 1990களின் தொடக்கம் வரை அங்கே குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. இப்போது ஜாலான் அம்பாங் சாலையைப் பார்த்தபடி பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் நிற்கிறது. அதன் காலடியில் சூரியா கே.எல்.சி.சி. பேரங்காடி. பேரங்காடியின் பின்வாசலைத் தாண்டினால் 50 ஏக்கர் பூங்கா. பூங்காவின் அந்தப் பக்கம் மாநாட்டு மையம், அதன் அடியில் அக்குவேரியா மீன் காட்சியகம், ஒரு மூலையில் அஸ்-ஷாகிரின் மசூதி.

அதனால் யாரையாவது சந்திக்க "கே.எல்.சி.சி.க்கு வந்துடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வாசல் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உள்ளே போகக் காசு உண்டா?

பேரங்காடிக்கும் பூங்காவுக்கும் நீரூற்றுக் காட்சிக்கும் காசு கிடையாது. கோபுரத்தில் ஏற, அக்குவேரியாவுக்குள் போக, பெட்ரோசைன்ஸ் அறிவியல் கூடத்தைப் பார்க்க டிக்கெட் வேண்டும். பேரங்காடி காலை 10 முதல் இரவு 10 வரை, பூங்கா காலை 7 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும்.

கே.எல். சென்ட்ரல்ல இருந்து எப்படி வர்றது? கிராப் போட்டுடட்டுமா?

வாடகைக்கார் வேண்டாம், கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலேயே எல்.ஆர்.டி. என்கிற நகர ரயிலில் ஏறுங்கள். கிளானா ஜெயா தடத்தில் கோம்பாக் போகும் ரயில். பசார் செனி, மஸ்ஜித் ஜாமெக், டாங் வாங்கி, கம்போங் பாரு, அடுத்தது கே.எல்.சி.சி. ஐந்தாவது நிறுத்தம், கால் மணி நேரம்கூட ஆகாது. ஓட்டுநர் இல்லாத ரயில் என்பதால் பிள்ளைகள் முன்பெட்டியின் கண்ணாடியை விட்டு நகர மாட்டார்கள். நிலையத்திலிருந்து நிலத்தடி வழியாகவே பேரங்காடியின் கீழ்த்தளத்துக்குப் போய்விடலாம். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

மாலை 5 மணிக்கு மேல் ஜாலான் அம்பாங்கில் காரில் மாட்டினால், கோபுரம் கண்ணெதிரே தெரியும், போய்ச் சேரத்தான் முடியாது. புத்ராஜெயா எம்.ஆர்.டி. ரயில் தடத்தில் வருகிறவர்கள் பெர்சியாரான் கே.எல்.சி.சி. நிலையத்தில் இறங்கினால் பூங்காவின் கிழக்குப் பக்கம் வந்து சேர்வார்கள். 2023இல் திறந்த நிலையம். பழைய பயணக் குறிப்புகளில் இது இருக்காது.

எத்தனை மணிக்கு வந்தா நல்லா இருக்கும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பெரும்பாலானவர்கள் காலை பதினொன்றுக்கு வந்து, வியர்த்து வழிய நாலு போட்டோ எடுத்து, உள்ளே போய் ஏசியில் சுற்றிவிட்டு, இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த இடத்தின் நல்ல பாதியை அவர்கள் பார்ப்பதே இல்லை. என்னைக் கேட்டால் இங்கே முக்கியமானது பூங்காதான். பேரங்காடி என்பது சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் மழைக்கு ஒதுங்குவதற்கும்.

மாலை நாலரை, ஐந்துக்கு வாருங்கள். முதலில் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இங்கே பொழுது சாய்வது ஆண்டு முழுதும் ஏறக்குறைய 7 மணிக்கும் ஏழரைக்கும் இடையில்தான். அந்த நேரம் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். வானம் இன்னும் நீலமாக இருக்கும்போதே விளக்குகள் எரிந்துவிடும், உருக்குச் சுவர் சாம்பலிலிருந்து வெள்ளைக்கு மாறும். அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் ஐந்து மணி என்கிறேன். பிறகு உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு 8 அல்லது 9 மணி நீரூற்றுக்குத் திரும்பி வரலாம்.

நடைப்பயிற்சிக்காரர்களுக்குக் காலை 7 மணியும் நல்ல நேரம். 1.3 கிலோமீட்டர் ரப்பர் ஓடுபாதை இருக்கிறது, முட்டிக்கு இதமாக இருக்கும்.

பவுண்டன் ஷோ எத்தனை மணிக்கு? எங்கே நின்னு பார்க்கணும்?

இசையும் வண்ண விளக்கும் சேர்ந்தது இரவு 8, 9, 10 மணிக்கு. பகலில் சில நேரம் தண்ணீர் மட்டும் ஆடும். பேரங்காடியின் பூங்கா வாசலுக்கு நேரே இருக்கும் சிம்பொனி ஏரியில்தான் எல்லாம்.

வாசலை ஒட்டிய படிக்கட்டு கால் மணி நேரம் முன்பே நிரம்பிவிடும். சனி, ஞாயிறு என்றால் சொல்லவே வேண்டாம். எனக்குப் பிடித்தது ஏரியின் குறுக்கே போகும் நடைபாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போய்விடுவது. வாசல் பக்கம் நின்றால் நீரூற்று மட்டும் தெரியும், கோபுரம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். எதிர்க்கரையில் நின்றால் நீரூற்றும் அதன் பின்னே இரண்டு கோபுரமும் ஒரே பார்வையில் கிடைக்கும். காற்று அடித்தால் சாரல் மேலே படும், செல்பேசியைத் துடைக்க ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டோவுல கோபுரம் முழுசா விழ மாட்டேங்குதே, தலை வெட்டுப்பட்டுடுது?

கோபுரத்தின் உயரம் 452 மீட்டர். நீங்கள் அதன் காலடியில் நிற்கிறீர்கள், வேறென்ன ஆகும்? ஜாலான் அம்பாங் பக்கத்து முன்வாசலில் எல்லாரும் தரையில் படுத்தும் மண்டியிட்டும் எடுப்பது இதனால்தான். அங்கே செல்பேசியில் மாட்டும் லென்ஸ் விற்பவர்கள் உங்களை விடமாட்டார்கள். உங்கள் போனிலேயே அகலக் கோணம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இப்போது பெரும்பாலானவற்றில் உண்டு.

சுலபமான வழி, விலகிப் போவதுதான். மேலே சொன்ன ஏரியின் எதிர்க்கரை ஒன்று. இன்னும் கொஞ்சம் நடக்கத் தயார் என்றால் கம்போங் பாரு பக்கமிருந்து வரும் சலோமா பாலம். 2020இல் திறந்தது. மலாய்க் கல்யாணங்களில் வைக்கும் வெற்றிலை அடுக்கைப் பார்த்து வடிவமைத்தது. இரவில் பாலமே நிறம் மாறிக்கொண்டிருக்கும், பின்னணியில் கோபுரமும் முழுதாக நிற்கும்.

கோபுரத்து மேலே ஏறியே ஆகணுமா? பணத்துக்குத் தகுமா?

ஏறியே ஆகவேண்டும் என்றில்லை. டிக்கெட்டில் இரண்டு நிறுத்தம். முதலில் 41, 42ஆம் மாடிகளில் இரண்டு கோபுரத்தையும் இணைக்கும் வான்பாலம். தரையிலிருந்து 170 மீட்டர் உயரம், 58 மீட்டர் நீளம். அப்புறம் 86ஆம் மாடிப் பார்வைத் தளம். குழுவாக அழைத்துப்போய், ஒவ்வோர் இடத்திலும் சிறிது நேரம் விட்டு, கூட்டி வந்துவிடுவார்கள். ஆற அமர உட்கார்ந்து பார்க்கும் இடம் இல்லை.

எப்படிக் கட்டினார்கள் என்பதில் ஆர்வம் உள்ளவர்களுக்குத் தகும். அடியில் சுண்ணாம்புப் பாறை ஒரு சீராக இல்லை என்று தெரிந்ததும் கோபுரம் நிற்க வேண்டிய இடத்தையே சுமார் 60 மீட்டர் தள்ளி வைத்தார்கள். வான்பாலத்தையும் கோபுரங்களோடு இறுக்கிப் பூட்டவில்லை. காற்றில் இரண்டும் தனித்தனியாக அசையும்போது பாலம் வழுக்கி இடம் கொடுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு அதன் மேல் நிற்பது தனி அனுபவம். "மேலே இருந்து கோபுரத்தைப் போட்டோ எடுக்கணும்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கோபுரத்துக்குள் இருக்கும்போது எதிர்க் கோபுரத்தின் உச்சிதான் கிடைக்கும், இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

போவதென்றால் இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். நேரில் வந்தால் வேண்டிய நேரம் கிடைப்பது அதிர்ஷ்டம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் இடைவேளை விடுவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எங்களுக்கு திங்கட்கிழமை ஒரு நாள்தான் இருக்கு, பரவாயில்லையா?

சங்கடமான கிழமை. பொதுவாகத் திங்களன்று கோபுரம் மூடல், பெட்ரோசைன்ஸ் மூடல், பூங்காவில் குழந்தைகள் நீர்விளையாட்டுக் குளமும் பராமரிப்புக்காக மூடல். பொது விடுமுறை, பள்ளி விடுமுறை நாட்களில் மாறலாம். பேரங்காடி, பூங்கா, நீரூற்று, அக்குவேரியா எல்லாம் வழக்கம்போல் இருக்கும். கோபுரத்தில் ஏறும் எண்ணம் இல்லாதவர்களுக்குத் திங்கள் சாயங்காலம் உண்மையில் சௌகரியம், கூட்டம் குறைவு.

சின்னப் பிள்ளைங்க இருக்காங்க. எதுக்குக் கூட்டிட்டுப் போகலாம்?

ஐந்து வயதுக்குக் கீழே என்றால் காசே செலவழிக்க வேண்டாம். பூங்காவின் விளையாட்டுத் திடலும், பக்கத்திலேயே கணுக்கால், முழங்கால் அளவு தண்ணீர் உள்ள குளமும் போதும். மாற்றுத்துணியும் துண்டும் எடுத்து வாருங்கள். "சும்மா பார்த்துட்டு வந்துடுவோம்" என்று கிளம்பிய குடும்பங்கள் பிள்ளைக்கு டி-சட்டை வாங்க உள்ளே ஓடுவதை வாராவாரம் பார்க்கலாம். குளத்தில் அவ்வப்போது விசில் கேட்கும். காவலர்தான். ஓடாதே, பெரியவர்கள் இறங்காதே என்று அர்த்தம்.

எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பேரங்காடியின் 4ஆம் தளத்தில் இருக்கும் பெட்ரோசைன்ஸ். தொட்டுப் பார்த்து இயக்கிப் பார்க்கும் கூடம், அரை நாள் பிடிக்கும். அவசரமாக நுழைந்தால் டிக்கெட் பணம் வீண். அக்குவேரியாவில் 90 மீட்டர் கண்ணாடிச் சுரங்கம் இருக்கிறது, தலைக்கு மேல் சுறா போகும். எல்லா வயதுக்கும் பிடிக்கும். ஒரே நாளில் இரண்டையும் திணிக்காதீர்கள்.

பெரிய பிராண்டு கடைதானாமே? நாங்க செருப்போட உள்ளே போனா ஏதாவது சொல்வாங்களா?

யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பாதிக் கூட்டம் பூங்காவில் ஓடிவிட்டு அரைக்கால் சட்டையோடு வருவதுதான். தரைத்தளத்தில் விலை எழுதாத கைப்பைக் கடைகள் வரிசையாக இருக்கும், அவற்றைக் கண்டு மிரள வேண்டாம். மேலே போகப் போகச் சாதாரணக் கடைகள் வந்துவிடும். இசெத்தான் பல்பொருள் அங்காடியும், 4ஆம் தளத்தில் கினோகுனியா புத்தகக் கடையும் என் தேர்வு. புத்தகப் பிரியர்களைக் கடைசியில் அங்கே விடுங்கள், முதலில் விட்டால் வேறெதுவும் பார்க்க முடியாது.

உடை பார்க்கும் இடங்கள் இரண்டு. கோபுரத்தின் அடியில் இருக்கும் பில்ஹார்மோனிக் அரங்கில் கச்சேரிக்குப் போவதென்றால் அரைக்கால் சட்டையும் செருப்பும் ஆகாது. மசூதிக்குள் போவதென்றால் உடம்பை மறைக்கும் உடை வேண்டும்.

வாங்கின பொருளுக்கு ஏர்போர்ட்ல வரி திருப்பித் தருவாங்களாமே?

அது பழைய கதை. ஜி.எஸ்.டி. இருந்த காலத்தில் சுற்றுப்பயணிகளுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இருந்தது. 2018இல் ஜி.எஸ்.டி.யை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்கிற விற்பனை, சேவை வரியைக் கொண்டுவந்தார்கள், அந்தச் சலுகையும் போய்விட்டது. யூடியூபில் இன்னும் பழைய காணொளிகள் சுற்றுவதால்தான் இந்தக் கேள்வி நிற்கவே மாட்டேன் என்கிறது.

இன்னொரு வரி விஷயம். உணவகத்தின் விலைப்பட்டியலில் தொகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 6 விழுக்காடு சேவை வரியும் மேலே ஏறும் என்று பொருள். பில்லைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

சுத்த சைவம். அங்கே ஏதாவது கிடைக்குமா, பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். 2ஆம் தளத்தில் ஒன்றும் 4ஆம் தளத்தில் ஒன்றுமாக இரண்டு உணவுக்கூடங்கள் இருக்கின்றன. இந்தியக் கடையும் சைவத்துக்கு ஏற்ற தட்டும் தேடினால் அகப்படும். மேல்தட்டு உணவகங்களைவிட இங்கே மலிவு.

சிக்கல் கண்ணுக்குத் தெரியாத பொருட்களில். கீரை வதக்கல் என்று பார்த்தால் பச்சையாக, அப்பாவியாகத்தான் இருக்கும். அதில் பெலாச்சான் என்கிற இறால் விழுது கலந்திருக்கும். நாசி லெமாக் என்கிற மலாய்ச் சாப்பாட்டில் தேங்காய்ப்பால் சோறு சைவம், மேலே தூவுவது நெத்திலிக் கருவாடு, மிளகாய்ச் சம்பலிலும் அது உண்டு. "சைவம்" என்றால் இறைச்சி இல்லை என்று மட்டும் புரிந்துகொள்பவர்கள் உண்டு. அதனால் "தாக் மாவ் இக்கான், தாக் மாவ் ஊடாங்" என்று சொல்லிவிடுங்கள். மீன் வேண்டாம், இறால் வேண்டாம் என்று அர்த்தம். வெங்காயம், பூண்டு இல்லாமல் சாப்பிடுகிறவர்கள் கே.எல். சென்ட்ரலை ஒட்டிய இந்தியர் வட்டாரமான பிரிக்பீல்ட்ஸில் சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறுவதே நிம்மதி.

பார்க்ல கட்டுச்சோறு பிரிச்சு சாப்பிடலாமா?

மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாய் விரித்து, தூக்குவாளி திறந்து, எட்டுப் பேருக்குப் பந்தி பரிமாறுகிற இடமாக நினைக்காதீர்கள். மைனாக்களும் காகங்களும் பொட்டலம் பிரிக்கும் சத்தத்துக்கே வந்துவிடும். புகைபிடித்தால் அபராதம், நாய்களுக்கு அனுமதி இல்லை, ஏரியில் இறங்கக்கூடாது.

மழை வந்தா என்ன பண்றது?

வந்தா என்று கேட்காதீர்கள், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பிற்பகலில் இடியோடு கொட்டித் தீர்ப்பது இந்த ஊரின் வழக்கம். அதிலும் ஏப்ரல் வாக்கிலும் அக்டோபர், நவம்பரிலும் அதிகம். நல்ல விஷயம், பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெறித்துவிடும். மின்னல் வெட்டும்போது மரத்தடியில் நிற்காமல் உள்ளே போய்விடுங்கள். ஐந்து மணி என்று சொன்னேனே, மழை பெய்தால் அதை ஆறரை ஆக்குங்கள். மழைக்குப் பின் ஈரத்தரையில் கோபுர விளக்குகள் தெரிவது தனி அழகு.

அக்குவேரியாவுக்குப் போக நனைய வேண்டியதில்லை. பேரங்காடியின் கீழ்த்தளத்திலிருந்து நிலத்தடிப் பாதை இருக்கிறது.

புக்கிட் பிந்தாங்குக்கு நடந்தே போயிடலாமா? பெரியவங்களும் கூட இருக்காங்க.

போகலாம். மாநாட்டு மையத்திலிருந்து புக்கிட் பிந்தாங் கடைவீதி வட்டாரத்துக்குக் குளிரூட்டப்பட்ட மேல்நடைபாதை இருக்கிறது. சுமார் 1.2 கிலோமீட்டர், இருபது நிமிடம். 2012இல் திறந்தது. சாலையைக் கடக்கும் தொல்லையே இல்லை.

பெரியவர்களுக்கு அந்த நடை பெரிய விஷயம் இல்லை. அங்கே போய்ச் சேர்வதற்கு முன் பேரங்காடிக்குள்ளும் பூங்காவிலும் நடக்கிற நடைதான் காலை ஒடிக்கும். முடியாதவர்களை ஏரி வாசலை ஒட்டிய ஒரு காப்பிக்கடையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் சுற்றி வரலாம். அவர்களுக்கும் கண்ணாடி வழியே எல்லாம் தெரியும்.

பார்க்கை மட்டும் எதுக்கு இவ்வளவு புகழறீங்க? நம்ம ஊர்ல இல்லாத மரமா?

மரம் நம்ம ஊர் மரமாகவே இருக்கட்டும், நட்ட விதத்தைப் பாருங்கள். வடிவமைத்தவர் பிரேசில் நாட்டின் ரொபெர்த்தோ பர்லே மார்க்ஸ். ரியோவின் கோப்பகபானா கடற்கரையில் அலை அலையான கல்தரை இருக்கிறதே, அந்த நீண்ட நடைபாதை அவர் கைவண்ணம். 1994இல் காலமானார். இந்தப் பூங்கா அவருடைய கடைசிப் பணிகளில் ஒன்று. 1,900க்கும் மேற்பட்ட மரங்கள், பனைகள். பந்தயத் திடல் காலத்து மரங்கள் சிலவற்றையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

ஓடுபாதையில் நடந்தால் ஒரு விஷயம் கவனிக்கலாம். நேர்கோடு எங்குமே கிடையாது. ஒவ்வொரு வளைவிலும் கோபுரம் மரங்களுக்குள் மறையும், அடுத்த வளைவில் வேறு கோணத்தில் எட்டிப் பார்க்கும். ஒரு முழுச் சுற்று போகாமல் பூங்காவைப் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள்.

உள்ளே சுத்திட்டு வெளியே வந்தா வேற எங்கேயோ நிக்கிறோம். எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எல்லாருக்கும் நடப்பதுதான். கட்டடம் பிறை மாதிரி வளைந்திருக்கிறது, நேராகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே திரும்பிவிடுவீர்கள். பலகைகளில் மூன்று பெயர்களை மனதில் வைத்தால் போதும்: அம்பாங், ராம்லி, பார்க். அம்பாங் என்றால் கோபுரத்தின் முன்பக்கம், ராம்லி என்றால் ஜாலான் பி. ராம்லி சாலைப் பக்கம், பார்க் என்றால் ஏரி. பிரிந்து போனால் சந்திக்க நடுக்கூடத்தைச் சொல்லுங்கள். தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் அலங்காரமெல்லாம் அங்கேதான் வைப்பார்கள், யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.

டிசம்பர் 31 ராத்திரி அங்கே இருக்கலாம்னு பார்க்கிறோம், எப்படி?

வாணவேடிக்கை பார்க்க ஊரே திரளும் இடம் அது. இளவட்டங்கள் என்றால் போய் வாருங்கள். கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் நான் தடுத்துவிடுவேன். சாலைகளை மூடுவார்கள், கிராப் கிட்டே வராது, கழிப்பறைக்கு வரிசை, ரயில் நிலைய வாசலில் இன்னொரு வரிசை. மற்ற இரவுகளில் ரயில் ஏறக்குறைய நள்ளிரவு வரை ஓடும், 10 மணி நீரூற்று முடிந்து நிதானமாக நடந்தாலும் வண்டி கிடைக்கும். அந்த ஓர் இரவுக்கு மட்டும், அன்றைக்கு எத்தனை மணி வரை ரயில் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.